காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடும் முன்

சித்தூரிலோ திருப்பதியிலோ என்.சி.சி. உள்ள ஒரு பள்ளி மைதானத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் மூன்று மொழிகள் காதில் விழும். கட்டளை இந்தியில்: "சாவ்தான்!" திட்டு தெலுங்கில்: "மோகாலு வஞ்சொத்துரா!" முட்டியை மடக்காதே என்று அர்த்தம். கடைசி வரிசையில் உதடு அசையாமல் வரும் முணுமுணுப்பு மட்டும் தமிழில்: "வெயிலு ஏறுதுடா மச்சான்."

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1911 வரை சித்தூர் வட ஆற்காட்டோடு இருந்த ஊர். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல இந்தப் பக்கமே தங்கிவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மாவிடம் தமிழ், வாத்தியாரிடம் தெலுங்கு, மைதானத்தில் இந்தி. "தஹினே முட்" என்றால் வலப்பக்கம், "பாயே முட்" என்றால் இடப்பக்கம். முதல் மாதம் பாதிப் பேர் கிழக்கே திரும்பினால் மீதிப் பேர் மேற்கே திரும்புவார்கள். எதிரெதிரே முகம் பார்த்துச் சிரித்து அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவார்கள். நாலாவது மாதம் கால் தானாகத் திரும்பும்.

ஜூனில் பள்ளி திறந்து கொஞ்ச நாளில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். என்.சி.சி.யில் சேர விரும்பும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. "படிப்பு கெட்டுப்போகும், வேண்டாம்" என்பார் அப்பா. "சேருடா, போலீஸ் வேலைக்குச் சர்டிபிகேட் உதவும்" என்பார் மாமா. பாட்டிக்கு ஒரே கவலை: "சண்டை வந்தா புள்ளைய கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்களா?"

பாட்டியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மாட்டார்கள்.

1946இல் ஹிருதய்நாத் குன்ஸ்ரு தலைமையில் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையால் பிறந்தது என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதே ஆண்டு ஜூலை 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சேர்ந்துவிட்டதாலேயே எந்த மாணவரும் ராணுவப் பணிக்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார் என்பதை அந்தச் சட்டமே தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் பாட்டியின் பயத்துக்கு வேர் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது, 1968இல்தான் விருப்பப் பாடமாக மாறியது. இன்று எண்பதைத் தொடும் தாத்தாக்களைக் கேட்டால், விருப்பமே இல்லாமல் அணிவகுத்த கதைகளைச் சொல்வார்கள்.

ராணுவம் என்றால் இந்தப் பக்கத்து மக்களுக்குச் செய்தித்தாள் சமாசாரம் மட்டுமல்ல. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் ஜெனரல் பிபின் ராவத்தோடு உயிரிழந்தவர்களில் லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் ஒருவர். அப்போதைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ராணுவம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு வீட்டில் பெருமையும் பயமும் ஒன்றாக எழுந்தால் அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாசல் வேறு, இந்த வாசல் வேறு.

இன்னொரு குழப்பமும் இங்கே அடிக்கடி நடக்கும். கலிகிரியில் 2014இல் தொடங்கிய சைனிக் பள்ளியையும் என்.சி.சி.யையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வார்கள். சைனிக் பள்ளி விடுதியோடு கூடிய முழுநேரப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும். என்.சி.சி. உங்கள் பிள்ளை இப்போது படிக்கும் பள்ளியிலேயே, வாரத்தில் சில மணி நேரம் நடப்பது.

கணக்கு எட்டாம் வகுப்பில்தான்

பள்ளிப் பிள்ளைகளுக்கான பிரிவுக்கு ஜூனியர் டிவிஷன் என்று பெயர். பெண்களுக்கு ஜூனியர் விங். வயது வரம்பும் உண்டு. படிப்பு இரண்டு வருஷம். முடிவில் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் பலரும் இடறுவது இந்த இரண்டு வருஷக் கணக்கில்தான்.

எட்டாவதில் சேர்ந்தால் ஒன்பதாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதில் சேர்ந்தால் இரண்டாம் வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வோடு மோதும். ஆந்திரத்தில் பத்தாம் வகுப்பு என்றால் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் ஸ்லிப் டெஸ்ட். முதலில் அடிபடுவது பரேடு. தேர்வு எழுத இரண்டு வருஷமும் எழுபத்தைந்து சதவீத வருகை வேண்டும். குறைந்தது ஒரு முகாமுக்காவது போயிருக்க வேண்டும். ஒன்றரை வருஷம் வெயிலில் நின்றுவிட்டு, வருகை போதாமல் வெறுங்கையோடு வெளியே வரும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அப்பா சொன்ன "படிப்பு கெடும்" என்பது எட்டாவதில் சேர்பவனுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒன்பதாவதில் சேர்பவனுக்கு ஓரளவு பொருந்தும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய மாதம் எட்டாம் வகுப்பின் ஜூன்.

மாமா சொன்ன சான்றிதழ்க் கணக்கையும் பார்த்துவிடலாம். மத்தியக் காவல் படைகளுக்கு ஆளெடுக்கும் ஸ்டாஃப் செலெக்‌ஷன் கமிஷனின் கான்ஸ்டபிள் தேர்வில் என்.சி.சி. 'சி' சான்றிதழுக்கு ஐந்து சதவீதம், 'பி'க்கு மூன்று, 'ஏ'வுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் மதிப்பெண் உண்டு. 160 மதிப்பெண் தேர்வில் இரண்டு சதவீதம் என்றால் 3.2. அரை மதிப்பெண்ணில் வேலை தப்பும் காலத்தில் இது பெரிதுதான். ஆனால் 'பி', 'சி' இரண்டும் கல்லூரியில் தொடர்ந்தால்தான் கிடைக்கும். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்முகத் தேர்வுக்குப் போய் ராணுவ அதிகாரி ஆகும் சிறப்பு வழியும் 'சி' சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரிகளுக்குத்தான். ஆந்திரத்தில் பொறியியல் சேர்க்கையில் என்.சி.சி.க்கு நூற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கீடு என்பது உண்மை. அந்த ஓர் இடத்துக்கு டில்லி குடியரசு நாள் முகாம் வரை போய்வந்தவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள் என்பதும் உண்மை. என் கருத்தைக் கேட்டால், வெறும் 3.2 மதிப்பெண்ணுக்காகப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை மைதானத்தில் நிறுத்துவது வீண். அவனுக்குப் பிடித்திருந்தால் சேர்க்கலாம். மதிப்பெண் கூடவே வரட்டும்.

கிருஷ்ணகிரி சொன்ன பாடம்

இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் குப்பத்துக்கு அடுத்த மாவட்டத்தில் நடந்ததை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. பள்ளி வளாகத்திலேயே மாணவிகளை இரவில் தங்கவைத்தார்கள். பயிற்சியாளர் என்று வந்தவன் போலி. அந்த முகாமும் போலி. அந்தப் பள்ளிக்கு என்.சி.சி.யோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று தேசிய மாணவர் படை இயக்ககமே பிறகு அறிவித்தது. பள்ளிச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அந்தப் போலிப் பயிற்சியாளன் சில நாட்களில் விஷம் குடித்து இறந்துபோனான். வழக்கைச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது.

பிள்ளையை அனுப்பிய பெற்றோர் யாரும் அசட்டையானவர்கள் இல்லை. காக்கிச் சட்டையையும் விசிலையும் பார்த்து நம்பினார்கள். காக்கியும் விசிலும் கடையில் கிடைக்கும் என்பதுதான் பிரச்சினை.

உண்மையான முகாம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் போலியைப் பிரித்துப் பார்க்கலாம். வருடாந்திரப் பயிற்சி முகாமை நடத்துவது என்.சி.சி. பட்டாலியன். தனிப் பள்ளி நடத்தாது. பல பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் கூடுவார்கள். வழக்கமாகப் பத்து நாள். முகாமின் தலைமைப் பொறுப்பு ராணுவ அதிகாரியிடம் இருக்கும். பெண் கேடட்கள் இருந்தால் பெண் ஆசிரியை-அதிகாரியோ பெண் பயிற்றுநரோ உடன் தங்குவார். பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவமும் மருத்துவச் சான்றும் இல்லாமல் யாரையும் ஏற்க மாட்டார்கள். ஒரே பள்ளி, தன் கூடத்திலேயே, மூன்று நாலு நாள், பட்டாலியன் கடிதம் எதுவும் காட்டாமல் 'கேம்ப்' என்றால் கேள்வி கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

அதற்கும் முன்னால் பள்ளியிலேயே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "இங்கே ஏ.என்.ஓ. யார்?" அசோசியேட் என்.சி.சி. ஆபீஸர் என்பதன் சுருக்கம் அது. வெளியிலிருந்து வருகிறவர் இல்லை. அதே பள்ளியின் ஆசிரியர். ஆண்கள் நாக்பூர் பக்கத்துக் காம்டியிலும் பெண்கள் குவாலியரிலும் உள்ள பயிற்சி மையங்களில் முறையாகப் பயிற்சி பெற்று வந்தவர்கள். சில பள்ளிகளில் பயிற்சி முடிக்காத ஆசிரியர் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வார், அதுவும் முறையானதே. டிரில் சொல்லித்தர பட்டாலியனிலிருந்து ஹவில்தார் வருவார். பல நேரம் பஞ்சாபியாகவோ கட்வாலியாகவோ இருப்பார், பிள்ளைகள் "உஸ்தாத்" என்பார்கள். சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மாநிலம், ஆண்டு, பிரிவு தெரியும்படி ஒரு ரெஜிமென்டல் எண் உண்டு. உங்கள் பிள்ளைக்கு அந்த எண் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் அரசின் கணக்கில் அவன் கேடட்டே இல்லை.

தனியார் பள்ளிப் பெற்றோர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இது அரசுச் செலவில் நடப்பதா, பள்ளியே செலவை ஏற்கும் சுயநிதித் திட்டமா? இரண்டுமே சட்டப்படியானவைதான். ஆனால் சீருடைக்கும் முகாமுக்கும் யார் பணம் கொடுப்பது என்பது இதைப் பொறுத்தது. அரசுச் செலவுப் பிரிவில் சீருடைப் பணம் இப்போது பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதனால் கணக்கைத் திறந்து ஆதாரை இணைத்து வைப்பது ஜூனிலேயே முடிக்க வேண்டிய வேலை.

பூட்ஸுக்குள் விரல்

நானும் ஒரு காலத்தில் கேடட். சான்றிதழ் எந்த டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியாது. பூட்ஸ் பாலிஷ் மட்டும் கை மறக்கவில்லை. செர்ரி பிளாசம் டப்பாவைத் திறந்து, பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, ஒரு துளி பாலிஷ், ஒரு துளி தண்ணீர், பூட்ஸ் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மங்கும். பத்து நிமிடம் விடாமல் தேய்த்தால் டியூப்லைட் அதில் கோடாகத் தெரியும். பெல்ட்டின் பித்தளைக்குப் பிராஸோ. சட்டைக்குக் கஞ்சி, அம்மா சோறு வடித்த கஞ்சியைக் கொஞ்சம் எடுத்துவைப்பாள். பதினான்கு வயதில் வீட்டில் ஒரு வேலையும் செய்யாத பயல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அப்பா சிரித்தார். மடிப்பு இரண்டு கோடாக விழுந்தால் மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அதனால் மடிப்பு ஒன்றாகத்தான் விழுந்தது.

ஆகஸ்ட் 15 அணிவகுப்பு ஒன்றில் மயங்கியும் விழுந்திருக்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. கொடியேற்றம் தாமதமானது. சாவ்தானில் முட்டியை இறுக்கிக்கொண்டு அரைமணிக்கு மேல் அசையாமல் நின்றேன். கண் முன்னால் கொடிக்கம்பம் இரண்டானது. அடுத்த நினைவு யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தது. அசையாமல் நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்கி மூளைக்குப் போவது குறையும். அன்று உஸ்தாத் தூக்கி உட்காரவைத்துச் சொன்ன ரகசியம் இது: பூட்ஸுக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இரு, வெளியே யாருக்கும் தெரியாது. முட்டியை நேராக வை, ஆனால் பூட்டிவிடாதே. புறப்படும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிடு, தண்ணீர் குடி. மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் திருப்பதியில் இந்தச் சின்ன ரகசியம் பாடப்புத்தகத்தை விட உபயோகம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவும் இருந்தால் சேரும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்துச் சேர்த்து முகாமில் பிள்ளை விழுந்தால் யாருக்கும் எதுவும் தெரியாமல் திணறுவார்கள்.

முகாமுக்குப் போகும் பிள்ளைகளை அதிகம் ஈர்ப்பது துப்பாக்கிதான். .22 ரைபிள். பார்த்தால் சின்னது, தோளில் வைத்தால் கனக்கும். குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தால் 'குரூப்பிங்' நன்றாக இருக்கிறது என்பார்கள். நடுவில் பட்டதா என்பது அப்புறம்தான். முதல் தடவை என் ஐந்தில் இரண்டு பக்கத்துப் பையனின் தாளில் இருந்தன. அவனுக்கு ஏழு குண்டு விழுந்த அதிசயத்தைப் பத்து நாளும் சொல்லிச் சிரித்தோம். இந்த வேடிக்கை நடப்பது உஸ்தாத் கண் முன்னால், கட்டளை சொன்ன பிறகு மட்டும். துப்பாக்கி முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது என்பதில் சிரிப்புக்கு இடமே இல்லை.

மற்றபடி முகாம் என்றால் எவர்சில்வர் தட்டு, குவளை, கொசுவர்த்தி, விடியற்காலை விசில், சாப்பாட்டுக்கு வரிசை. வீட்டில் தட்டு கழுவாத பிள்ளைகள் பத்து நாள் கழுவுவார்கள். முதல் இரண்டு ராத்திரி போர்வைக்குள் அழுகை கேட்கும். கடைசி நாள் பேருந்து ஏறும்போதும் அழுகை கேட்கும், காரணம் மட்டும் வேறு.

முடிவெட்டு விஷயத்தில் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் துக்கம். திருப்பதிக்காரனுக்கு மொட்டை பழக்கம். மொட்டை போட்ட வாரத்தில் பெரே தொப்பி வழுக்கிக் கண்ணை மறைக்கும் என்பதுதான் அவன் கஷ்டம். திருமலை பிரம்மோற்சவ நாட்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த என்.சி.சி., சாரணர் பிள்ளைகளை அழைப்பதும் உண்டு. அணிவகுப்பில் கற்ற பொறுமைக்கு அதுதான் நிஜமான பரீட்சை.

தண்டனை பற்றியும் சொல்ல வேண்டும். ஓடச் சொல்வது, தண்டால் எடுக்கச் சொல்வது வழக்கம். அடிப்பது வழக்கமில்லை, கூடாது. 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தானே நகரத்துக் கல்லூரி ஒன்றில் மூத்த மாணவன் ஒருவன், மழையில் குப்புறக் குனிந்து நின்ற இளைய கேடட்களைக் கம்பால் அடித்த வீடியோ நாடெங்கும் பரவியது. அந்தக் கொடுமையை முதலில் வெளியே கொண்டுவந்தது யாரோ ஒரு மாணவன் எடுத்த அந்த வீடியோதான். உங்கள் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஓடச் சொன்னால் ஓடு, கை ஓங்கினால் வீட்டில் வந்து சொல். சார்ஜென்ட் பட்டை கையில் இருப்பவனும் உன்னைப் போல ஒரு மாணவன்தான்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே மண்ணில், மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி ஒழுங்கு என்ற பெயரில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதையே கேள்வி கேட்டவர். அவர் நிறுவிய ரிஷி வேலி பள்ளியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கட்டளை கேட்டாலே உள்ளுக்குள் சுருங்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்திச் சேர்க்காதீர்கள். அவனுக்குச் சாரணர் இயக்கம் பொருந்தலாம். கேரளத்தில் 2010இல் தொடங்கி, 2018இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட மாணவர் போலீஸ் திட்டம் சில பள்ளிகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு நடக்கிறது. ஒன்றுமே வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம்.

சேர விருப்பமா, எட்டாம் வகுப்பு திறந்த முதல் வாரத்திலேயே ஏ.என்.ஓ.வைப் போய்ப் பாருங்கள். இடங்கள் கொஞ்சம்தான். உயரம், ஓட்டம், மருத்துவப் பரிசோதனை பார்த்துத்தான் எடுப்பார்கள். முகாம், பயிற்சியாளர், பள்ளி எதில் சந்தேகம் வந்தாலும் பள்ளி வாசலிலேயே நின்று குழம்ப வேண்டாம். திருப்பதியில் 29ஆம் ஆந்திரா பட்டாலியன் அலுவலகம் இருக்கிறது, சித்தூரில் 35ஆம் பட்டாலியன் அலுவலகம் இருக்கிறது. நேரே போய் உங்கள் பிள்ளையின் பள்ளிப் பெயரைச் சொல்லி, பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.